சீவாளி மாற்றுகிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம். நாகசுரத்தை வீட்டில் பதிவாகக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் பேச வந்தது சாமி புறப்பாட்டில், தெருவில் கூடவே நடந்து கேட்கிற மேளத்தைப் பற்றி. அங்கே அடுத்து என்ன வரும் என்பது வாசிக்கிறவருக்கே தெரியாது. அதற்காகவே போக வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ராத்திரி. பாடலீசுவரர் புறப்பாடு, தெரு முனையில் சாமி நிற்கிறது. காம்போதி ராகத்தில் பல்லவி, சுரம் சூடு பிடிக்கிற நேரம். வாத்தியத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல், அதுதான் சீவாளி, பேசவில்லை. நாகசுரக்காரர் வாத்தியத்தை இறக்கி, கொத்தாகத் தொங்குகிற சீவாளிகளில் ஒன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, ஊதிப் பார்க்கிறார். சரியில்லை. இன்னொன்று. அதுவரை தவில்காரர் சும்மா இருப்பாரா? கூடு மாட்டிய விரலால் தவிலின் வலது பக்கமான வலந்தலையில் ஒரு சொல்லைப் போட்டார். மறுபடி அதையே, ஒரு தட்டு குறைத்து. மறுபடி, இன்னும் ஒன்று குறைத்து. தாளம் போட்ட பையன் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதுச் சீவாளி பேசியதும் நாகசுரக்காரர் விட்ட இடத்துக்குப் போகவே இல்லை. தவில் குறைத்துக்கொண்டு வந்த கணக்கை அப்படியே சுரமாக வாங்கி வாசித்தார்! என் பக்கத்தில் கடலை விற்ற அம்மா, "அப்படிப் போடு!" என்றார். அந்தக் குரல் நாகசுரக்காரருக்குக் கேட்டிருக்கும். திரும்ப அதே கணக்கு, வேறு சுரத்தில். சாமி தூக்குகிறவர்கள் நகரவே இல்லை.

ஸ்டுடியோவில் என்ன செய்வார்கள்? சீவாளி பேசவில்லை என்றால் நிறுத்தி, முதலிலிருந்து எடுப்பார்கள். முறைதான் அது. ஆனால் நான் சொன்னது அத்தனையும் போய்விடும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதிலும் தோடி தோடிதான். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காந்தார சுரத்தில் நின்று விளையாட அங்கே இடம் ஏது?

வெளிநாட்டிலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் 1965-இல் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு ராக் இசைக்குழு கிளம்பியது. 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டை 1968-இல் இசைத்தட்டாக விட்டபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. மறு வருஷம் மேடைப் பதிவாக வந்த தொகுப்பில் அதே பாட்டு 23 நிமிஷம். ரசிகர்களை மைக்கோடு வந்து பதிவு செய்ய விட்டார்கள். 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். ஒரு ராத்திரி வாசித்தது மறு ராத்திரி வராது என்று மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியும், கீழே இருந்தவர்களுக்கும் தெரியும்.

கீர்த்தனையைப் பிசகில்லாமல் கேட்க ஸ்டுடியோ நல்ல இடம்தான். கூடவே சுருதி பிடித்து ஒத்து வாசிக்கிறவர்களைப் பற்றியும் பேச நினைத்தேன். நேரம் ஆயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் வருவார். மேளம் வந்தால் தவிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கைபேசியில் எடுக்கிறவர்கள், சீவாளி மாற்றும்போது நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.