கட்டுநிதி வராத வவுச்சர்கள்

(மட்டக்களப்பில் வணிகத்துறை ஆசிரியர்கள், மாணவர்கள், அரச கணக்காளர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வந்திருக்கும் சகோதரர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

கணக்குக் கிளையில் வேலை செய்தவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. மேசை நிறைய வவுச்சர் கட்டுகள். ஒரு கட்டை அவிழ்த்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுத் தாள் இருக்கும், வேலை முடிந்ததற்கான அத்தாட்சி இருக்கும், வேண்டிய கையொப்பமெல்லாம் இருக்கும். கொடுப்பனவுகளுக்காகத் திறைசேரி அனுப்பவேண்டிய காசு, அதாவது கட்டுநிதி மட்டும் இருக்காது. வாசலில் ஒப்பந்தக்காரர் நிற்பார்.

"சேர், காசு வந்திட்டா?"

"இன்னும் வரல்ல தம்பி. சனவரிக்குப் பிறகு பாப்பம்."

அவர் போட்ட கொங்கிறீட் வீதி ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். சீமெந்துக் கடைக்காரர் ஒப்பந்தக்காரரை நெருக்குகிறார். ஆனால் அரசாங்கத்தின் அந்த ஆண்டுக் கணக்கில் அந்த வீதிக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. காசு அடுத்த ஆண்டு போனால், செலவும் அடுத்த ஆண்டில்தான் பதிவாகும். அந்த ஆண்டில் அங்கே ஒரு கல்லும் போட்டிருக்க மாட்டார்கள்.

இதுதான் காசு அடிப்படைக் கணக்கு. அது பொய் சொல்வதில்லை. காசு என்றைக்கு வெளியே போனது என்ற ஒரே கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறது. நாம்தான் அதனிடம் அரசாங்கத்தின் முழு நிலைமையையும் கேட்கிறோம்.

ஒரு பிரதேச செயலகத்தின் சில வவுச்சர்கள் என்று இதை விட்டுவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான மத்திய வங்கியின் ஆண்டறிக்கை அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6.8 சதவீதம் என்றது. அடுத்த ஆண்டறிக்கையில் அதே 2019க்கு 9.6 சதவீதம். கொடுக்க வேண்டியிருந்தும் கொடுக்காமல் நின்ற நிலுவைகளைப் பின்னர் அந்த ஆண்டிலேயே சேர்த்ததுதான் இந்த மாற்றத்தின் பெரிய காரணம். எந்த அரசாங்கம், யாருக்கு இலாபம் என்ற அரசியல் விவாதம் அப்போது நன்றாகவே நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. வேண்டியபோது மட்டும் நிலுவையைச் சேர்ப்பதும், வேண்டாதபோது விடுவதும் ஒரு கணக்கு முறை ஆகாது. ஆண்டுதோறும் ஒரே விதியில் சேர்த்திருந்தால் விவாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகளுக்கு அட்டுறு எண்ணக்கரு, அதாவது காசு கைமாறும் நாளில் அல்ல, வரவோ கடனோ உருவாகும் நாளிலேயே பதிவது, முதல் தவணையிலேயே வந்துவிடும். நம் பக்கத்து விவசாயிக்கு அதைப் படிக்கவே தேவையில்லை. டிசம்பர் 31இல் பெரும்போக வயல் பச்சையாக நிற்கும். கையில் காசு இல்லை, பசளைக் கடையில் கடன், உழவு மெசின்காரருக்குப் பாக்கி, வயலில் பயிர். "உன் நிலைமை என்ன?" என்று கேட்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துப் பதில் சொல்லும் விவசாயியை நான் கண்டதில்லை. கடனையும் பயிரையும் சேர்த்துத்தான் சொல்வார். இந்த நாட்டின் திறைசேரிதான் நீண்ட காலமாகப் பையைத் தடவிப் பதில் சொல்லி வந்திருக்கிறது.

சர்வதேச நாணய நிதியத்தின் அரச நிதிப் புள்ளிவிபரக் கைநூலும் 1986இல் காசு அடிப்படையில்தான் எழுதப்பட்டது. 2001 பதிப்பு அதை அட்டுறு அடிப்படைக்கு மாற்றியது. 2014 பதிப்பு அதை, நாடுகளின் பொருளாதாரத்தை அளக்கும் சர்வதேச நியமமான தேசிய கணக்குகளின் 2008ஆம் ஆண்டு முறைமையோடு பொருத்தியது. நியூசிலாந்து இந்தப் பாதையில் முன்னே போன நாடு. அதற்கான சட்டத்தை 1989இலேயே நிறைவேற்றியது.

2001இல் வந்த மாற்றத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வருமானம் என்றால் தேறிய பெறுமதியை, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்த மிச்சத்தை, கூட்டும் கொடுக்கல் வாங்கல். செலவு என்றால் அதைக் குறைப்பது. ஆகவே அரச காணி ஒன்றை விற்றால் வரும் பணம் வருமானமே அல்ல. காணி போய்க் காசு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய முறையில் அது மூலதன வருமானம் என்று ஏறும், பற்றாக்குறை குறைந்ததுபோலத் தெரியும். சொத்தை விற்றுச் சாப்பிட்டுவிட்டு வருமானம் கூடியது என்று சொல்லும் வசதியைப் புதிய கைநூல் பறித்துவிட்டது. எனக்கு அந்தக் கைநூலில் மிகவும் பிடித்த விதி இது.

வட்டிக்கு வருவோம். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கட்டாத வட்டி காசுப் புத்தகத்தில் செலவாக ஏறாது. கடன் முறிந்த நாட்டின் வட்டிச் செலவு குறைந்ததுபோல ஒரு தோற்றம் வரும். அட்டுறு முறையில் வட்டி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டாவிட்டால் பொறுப்புகளின், அதாவது கொடுக்க வேண்டிய கடன்களின், பக்கம் போய் நிற்கும்.

இனி நம் கரைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். உயிரைக் கணக்கில் எழுத யாராலும் முடியாது, அதை விடுவோம். பாடசாலைகள், வைத்தியசாலைகள், பாலங்கள், வீதிகள் போயின. நிதியாண்டு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஆண்டுக் காசுக் கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு பதிவும் கிடையாது, ஏனென்றால் எந்தக் காசும் போகவில்லை. 2005இலிருந்து திருத்த வேலைகளுக்குக் கொடுத்த பணம்தான் செலவாகத் தெரியும். அதாவது கட்டியது தெரியும், இடிந்தது தெரியாது. 2014 கைநூலில் இதற்கென்றே இடமுண்டு: பேரழிவால் சொத்து போனால் அது இதர பொருளாதாரப் பாய்ச்சல்களில், அதாவது கொடுக்கல் வாங்கல் இல்லாமலே சொத்தில் வரும் மாற்றங்களில், கனவளவு (அளவு) மாற்றமாகப் பதிவாகும். பற்றாக்குறையைத் தொடாது, தேறிய பெறுமதியைக் குறைக்கும். வெளிநாட்டு உதவியாகப் பொருளாகவே வந்தவையும் நன்கொடை வருமானமாகப் பெறுமதியோடு ஏற வேண்டும்.

ஒலுவில் துறைமுகம் இன்னொன்று. டென்மார்க் கடனுதவியில் கட்டி, 2013இல் திறந்தார்கள். வாய் மணலால் அடைபட்டது. ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. காசுக் கணக்கில் கட்டிய ஆண்டுகளின் மூலதனச் செலவோடு கதை முடிந்தது. பிறகு கடன் தவணை மட்டும் தெரியும். அட்டுறு ஐந்தொகையில், அதாவது சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கூற்றில், அந்தத் துறைமுகம் ஒரு சொத்தாக நின்று, ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு காட்டி, எதிர்பாராமல் பயனிழந்தபோது அதன் பெறுமதி கீழே இறக்கப்பட்டிருக்க வேண்டும். கடன் ஒரு பக்கம், சுருங்கிப்போன சொத்து மறுபக்கம். பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க அந்த இரண்டு வரிகள் போதும்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. கடல் கொண்டுபோன தென்னந்தோட்டம் அரசாங்கத்தின் சொத்து அல்ல. எந்த அடிப்படையில் எழுதினாலும் அது அரச ஐந்தொகையில் வராது. நட்டஈடு கொடுப்பதாக அரசு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் அது அரசின் பொறுப்பாகிறது. ஏற்றுக்கொள்ளாதவரை அந்த இழப்பு தோட்டக்காரரோடு நிற்கும்.

2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் உச்சவரம்பைக் காசில் அளந்தால், தப்புவதற்கு மிக இலகுவான வழி நம் டிசம்பர் வவுச்சர்களைப் பிடித்து வைப்பதுதான். செலவு குறைந்ததாக அறிக்கை வரும், சீமெந்துக் கடைக்காரர் அரசாங்கத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவராவார். நாணய நிதியத்தின் தற்போதைய நிகழ்ச்சித்திட்டத்தில் செலவின நிலுவைகளுக்குத் தனியாக ஓர் எல்லை வைத்திருப்பது இதைத் தெரிந்துதான்.

அட்டுறு முறை வந்தால் தில்லுமுல்லு ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். காசை வங்கிக் கூற்றோடு ஒப்பிடலாம். இங்கினியாகலை அணைக்கட்டின் பெறுமதியை எதோடு ஒப்பிடுவது? எத்தனை ஆண்டில் தேயும்? மதிப்பீடு நுழையும் இடத்தில் மனிதரின் விருப்பமும் நுழையும். அதனால் காசு வந்ததையும் போனதையும் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்றைப் புதிய கைநூலும் கைவிடவில்லை. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும்.

கொழும்பில் மென்பொருளையும் நியமங்களையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். பட்டயக் கணக்காளர் நிறுவகம் அரச துறைக்கான கணக்கீட்டு நியமங்களை வெளியிட்டிருக்கிறது, வரவேற்போம். ஆனால் வேலை தொடங்குவது பிரதேச செயலகத்தின் சொத்துப் பதிவேட்டில். யுத்த காலத்தில் கோப்புகள் அழிந்த மாவட்டங்கள் நம்முடையவை. உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் அரச கட்டடம், அரச சார்பற்ற நிறுவனம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பொது மண்டபம், எந்தத் திணைக்களத்துக்குச் சொந்தமென்று தெரியாத குளக்கட்டு. இவற்றை யார் பெயரில் எழுதுவது? அதைத் தீர்க்காமல் மேலே எந்த ஐந்தொகை வந்தாலும் அதில் கிழக்கின் சொத்துப் பக்கம் அரைகுறைதான். வவுச்சரில் பொருள் பெற்ற திகதி, வேலை முடிந்த திகதி, காசு கொடுத்த திகதி மூன்றையும் தனித்தனியாக எழுதும் பழக்கம் இன்றைக்கே வரலாம். அதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உரை முடிந்ததும் ஓர் ஆசிரியை எழுந்து, சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பணம் இந்த முறையில் எங்கே போகும் என்று கேட்டார். அன்றைய கேள்விகளில் அதுதான் சிறந்தது. நம் வரவு செலவுத் திட்டத்தில் அது அரசாங்க வருமானத்தின் கீழ் வருகிறது. 2014 கைநூலின்படி, ஊழியருக்காகத் தொழில் தருநரே நடத்தும் ஓய்வூதியத் திட்டத்துக்கான பங்களிப்பு வருமானம் அல்ல. ஊழியருக்குப் பின்னாளில் கொடுக்க வேண்டிய பொறுப்பு. சம்பளச் சீட்டில் இருக்கும் அதே தொகை, ஒரு புத்தகத்தில் அரசின் வரவு, மறு புத்தகத்தில் டீச்சருக்கு அரசு பட்ட கடன். "அப்ப அரசாங்கம் எங்களுக்கெல்லாம் மொத்தமா எவ்வளவு கடன் சேர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். காசு அடிப்படையில் அதற்கு விடை எழுத ஒரு பத்தி கூடக் கிடையாது, டீச்சர்.