டூம் தந்த சொத்து வாட் கோப்பே

நடுவர் அவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களே, வணக்கம்.

1993 டிசம்பரில் வந்த டூம் என்ற சுடும் கணினி விளையாட்டு விட்டுச்சென்றது சுடும் வேகத்தையா, ஆடுபவரே ஆக்கும் உரிமையையா? வேகமே என்று அடித்துப் பேசினார் எதிரணித் தோழி. ஆட்டத்தின் நிலையை வினாடிக்கு 35 முறை புதுப்பித்து ஓடிய அந்த வேகம் அபாரம்தான், நடுவர் அவர்களே. ஆனால் டூமை உருவாக்கிய அதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த குவேக் விளையாட்டு, மூன்றே ஆண்டில் அதை விஞ்சிவிட்டதே!

நிலைத்தது வேறு. டூமின் நிரலாளர் ஜான் கார்மாக், விளையாட்டை ஓட்டும் நிரலை ஒரு பக்கம் வைத்தார். வரைபடம், ஓவியம், ஒலி அத்தனையையும் வாட் என்ற தரவுக் கோப்பில் மறுபக்கம் வைத்தார். அந்தக் கோப்பில் ஒளிவுமறைவே கிடையாது. முதல் 12 பைட்டில் ஐவாட் (மூலக் கோப்பு) அல்லது பிவாட் (மேலே சேர்க்கும் கோப்பு) என்ற அடையாளம், உள்ளே எத்தனை பொருள், பட்டியல் எங்கே. பட்டியலில் பொருளுக்கு 16 பைட்: இருப்பிடம், அளவு, எட்டெழுத்துக்குள் பெயர். மூலக் கோப்பைத் தொடாமலே நம் கோப்பை மேலே ஏற்றலாம்.

மாணவர்களே, இன்றிரவே வீட்டுக் கணினியில் டூமுக்கு ஓர் அறை கட்டிப் பாருங்கள். புள்ளி வைத்து, கோடிழுத்து, பரப்பை மூடி, தரை உயரம், கூரை உயரம், 0 முதல் 255 வரை வெளிச்சம் கொடுங்கள். படி 24 அலகைத் தாண்டக் கூடாது. 25 வைத்தால் அது படியல்ல, சுவர். கதவுக் கோட்டின் முன்பக்கம், வந்து தட்டுபவரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு தட்டினாலும் திறக்காது. சுவருக்குப் படம் கொடுக்க மறந்தால், அந்த இடத்தில் பழைய காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுக் கண்ணாடி மாளிகை போலச் சிதறும். ஏன்? சுவரும் தரையும் கூரையும் திரையை நிரப்பிவிடும் என்று நம்பி, டூம் பழைய படத்தைத் துடைக்காமலே புதியதை வரைகிறது. இந்த ஒரு பிழை கற்றுத்தருவதை எந்தப் பாடநூல் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தரும்?

"காசு கட்டியவருக்குத்தானே அந்த உரிமை?" என்று எதிரணி கேட்டது. உண்மை, இலவசமாகப் பரப்பிய ஷேர்வேர் முன்னோட்டப் பதிப்பு வெளிக்கோப்பை ஏற்காது. ஆனால் 1997 டிசம்பரில் மூலநிரலையே வெளியிட்டார்களே! ஒலிப் பகுதி வேறொருவர் உரிமையில் இருந்ததால் அது மட்டும் வரவில்லை; ஆர்வலர்கள் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். 1999இல் அந்த நிரலுக்கு, யாரும் மாற்றிப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமம் கிடைத்தது. பிறகு ஃப்ரீடூம் என்ற இலவச வாட் கோப்பும் உருவானது. இன்று ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

கடைசியாக, கணினிகளை இணைத்து ஆடும் நம் ஊர் லேன் கடைகளை நிரப்பிய கவுன்டர் ஸ்டிரைக் விளையாட்டை வேகத்துக்குச் சான்றாகக் காட்டினார் தோழி. அது 1999இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை அதன் ரசிகர்கள் தாங்களே மாற்றிச் செய்தது. ஹாஃப் லைஃப் எழுந்ததோ குவேக்கை ஓட்டும் எஞ்சின் நிரலின்மேல். ஆட வந்தவர்கள் ஆக்கியது அது, நடுவர் அவர்களே. என் தரப்புச் சாட்சியைத்தான் தோழி கூட்டி வந்திருக்கிறார். நன்றி, வணக்கம்.