வெளிநாட்டு இயந்திரம் வாங்கிப் போட்டால் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

அடுத்த கேள்வி. "வெளிநாடுகளில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, அந்த ஆலையை அப்படியே இங்கே கட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய பேருக்கு இருக்கிற சந்தேகம்தான்.

கட்டிப் பார்த்தாயிற்று. டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு ஓர் ஆலை வந்தது. நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் எடுப்பதாகத் திட்டம். 21 நாள்தான் ஓடியது. கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தருகிற குப்பை அதற்கு வேண்டும். வந்து சேர்ந்ததில் இருந்ததோ 600, 700தான்.

நம் வீட்டுக் குப்பையை நினைத்துப் பாருங்கள். காய்கறித் தோல், மிச்சச் சோறு, வாழை இலை, பிழிந்த டீத்தூள். பெரும்பாலும் தண்ணீர். அதை உலையில் போட்டால் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும். உலை 850 டிகிரிக்குக் கீழே இறங்கினால் டையாக்சின் போன்ற நச்சுகள் முழுசாக அழியாமல் புகையோடு வெளியேறும். எரியுலை வேண்டாம் என்று பக்கத்து ஊர் மக்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சரி, அப்போது என்னதான் செய்வது? இந்தூரைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் அங்கே திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. அங்கே குப்பையை எரிப்பதில்லை. கூழாக்கி, காற்றுப் புகாத கலனில் விடுகிறார்கள். நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேன் தருகின்றன. அதைச் சுத்தம் செய்தால் பேருந்து ஓட்ட சிஎன்ஜி, மிஞ்சுவது உரம். ஆனால் ஆலைக்குப் பல வருடம் முன்பே வீட்டு வாசலில் பிரித்து வாங்கும் பழக்கத்தை அந்த ஊர் கொண்டுவந்துவிட்டது.

பிரிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? முடிச்சுப் போட்ட ஒரு கேரி பேக், உள்ளே சாம்பார் சோறு, டயாப்பர், உடைந்த பல்பு. கன்வேயர் பெல்ட்டில் அது வரும்போது தூய்மைப் பணியாளர் ஒருவர் கையால் கிழித்துப் பிரிக்க வேண்டும். அந்தக் கண்ணாடி அவர் விரலைத்தான் கிழிக்கும். எனக்கு இதுதான் பொறுக்க முடியாத விஷயம். அவர் கைக்குத் தப்பிய பிளாஸ்டிக் அரவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தை நிறுத்தி அறுத்து எடுக்க வேண்டும். கண்ணாடித் தூள் கலந்த உரத்தை எந்த விவசாயி வாங்குவார்?

எரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மறுசுழற்சிக்கு ஆகாத காய்ந்த குப்பை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகலாம். 2016ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும் அதற்கு இடம் இருந்தது.

அப்புறம், உங்கள் ஊரில் ஆலை வருகிறது என்று கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் கட்டாயம் போங்கள். மழைக்காலக் குப்பையை எடுத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். தினமும் இத்தனை டன் தந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், குப்பையைக் குறைக்கிற ஒவ்வொரு முயற்சியும் உங்கள் நகராட்சிக்கு நஷ்டமாகிவிடும்.