தெரியாத எண்ணிலிருந்து வந்த படம்

நேயர்களுக்கு வணக்கம்.

அன்று காலை ஏழே முக்கால் மணி இருக்கும். காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. முகம் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணுடையது. உடம்பு யாருடையதோ. கீழே, ‘இவள் பணம் வாங்கி ஏமாற்றியவள், உன் நம்பரை ஜாமீன் கொடுத்திருக்கிறாள்’ என்று ஒட்டாத தமிழில் இரண்டு வரி.

உடனே அழித்துவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். நமக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் கூசிப்போவாரே, அதனால் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று எண்ணம். அதை நாகரிகம் என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவரே சொன்னார்: “நீங்க குனிஞ்சுகிட்டே போனீங்களே சார், அப்பதான் நீங்களும் நம்பிட்டீங்கன்னு முடிவு பண்ணினேன்.”

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். கடனைப் பற்றித் தெரியும் என்ற நினைப்பு உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது.

நடந்தது இதுதான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டி ஒரு கடன் செயலியை இறக்கியிருக்கிறார். கடன் ஐந்தாயிரம். ‘பிராசஸிங் கட்டணம்’ போகக் கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழு நாளில் முழு ஐந்தாயிரத்தையும் கட்ட வேண்டும். இந்த ஏழு நாள் கணக்கு அந்த வியாபாரத்தில் வெகு சாதாரணம். 60 நாளுக்குள் முழுத் தொகையையும் கேட்கும் கடன் செயலிகளை கூகுள் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால்தான் பல செயலிகள் ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு லிங்க் வழியாக வருகின்றன.

ஆனால் அவர்களுக்கு வேண்டியது வட்டி மட்டும் இல்லை. செயலியை நிறுவும்போது ‘அலவ்’ ‘அலவ்’ என்று நாலு இடத்தில் தட்டச் சொல்கிறார்களே, அதில் ஒன்றுதான் தொடர்பு எண்களின் பட்டியல். பழைய வட்டிக்காரன் அண்டாவையும் தோட்டையும் அடகு கேட்பான். இவன் உங்கள் மாமியார், மகளின் டீச்சர், கேஸ் சிலிண்டர் போடுபவர், தெருவில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் சார் எல்லோரையும் சேர்த்து அடகு பிடிக்கிறான். அப்புறம் செயலியை நீக்கினாலும் போன பட்டியல் திரும்பி வராது. தொடர்பு எண்களையோ படங்களையோ கடன் செயலிகள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. திருட்டுச் செயலிக்கு ரிசர்வ் வங்கி எந்த மூலைக்கு?

ஆக, அந்தப் படம் எனக்கு வந்தது தவறுதலாக இல்லை. என்னை நம்பித்தான் அனுப்பியிருக்கிறான். நான் முகம் சுளிப்பேன், ஒதுங்குவேன், பேச்சை நிறுத்துவேன் என்பதுதான் அவன் கணக்கு. அவன் எதிர்பார்த்த வேலையை நான் ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு இப்படி ஒரு படம் வந்தால் முதலில் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிடுங்கள். செய்தி அனுப்புவதைவிடக் குரலில் பேசுவது நல்லது. அந்த நேரத்தில் செய்தி வரும் சத்தம் கேட்டாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். நீளமாக ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. “எனக்கும் அனுப்பியிருக்காங்க. அது நீங்க இல்லன்னு தெரியும். நம்பரைக் குறிச்சு வச்சிருக்கேன், யாருக்கும் அனுப்பல.” இவ்வளவு போதும். “எதுக்கு அதுல போய் வாங்கினே?” என்பதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தன்னையே நூறு தடவை கேட்டு முடித்திருப்பார்.

அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பிய எண், நாள், நேரம், மிரட்டல் வரி தெரிந்தால் போதும். நான் அழித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது; புகாரோடு சேர்க்க என்னிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. டெலிகிராமில் வந்திருந்தால் இன்னும் அவசரம். அங்கே அனுப்பியவன் நினைத்தால் உங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்த்து அழித்துவிட முடியும்.

‘பாருங்கள் இந்த அநியாயத்தை’ என்று குடும்ப குரூப்பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் படம் பரவுகிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுபவர்களும் உண்டு. எதிர்ப்பக்கம் இருப்பவன் அதை அப்படியே பதிவு செய்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, ‘உன் ஆட்கள் பேசுவதைக் கேள்’ என்பான். எங்கள் தெருவில் ஒரு தம்பி அப்படித் திட்டப்போய், அன்று இரவு மட்டும் முப்பது பேருக்குப் புதிய படம் போனது.

பத்து நாள் தாமதமாகத்தான் என்றாலும், அப்புறம் நான் கடையில் போய் உட்கார்ந்தேன். வீரதீரச் செயல் எதுவும் இல்லை. போனை நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வசவையும் அவரே படிக்க வேண்டியதில்லை. நான் படித்து, எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதினேன். துணி ஆர்டர் பற்றி ஏதாவது வந்தால் மட்டும் அவரிடம் கொடுப்பேன். “பேசாம சிம்மை மாத்திடு” என்று பலர் சொன்னார்கள். அந்த எண்ணில்தான் அவருக்கு வாடிக்கையாளர்கள். அதை மாற்றினால் வருமானமும் போகும்.

காவல் நிலையத்தில் முதலில் “எங்க லிமிட்ல வராது” என்றார்கள். குற்றவியல் நடைமுறைக்கு இப்போது அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். தனியாகப் போன பெண்ணிடம் சொன்ன பதிலை, கூட இருவர் நிற்கும்போது சொல்லவில்லை. அதற்காகவாவது கூடப் போங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கானது. பதிவில்லாமல் கடன் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டுவதைக் குற்றமாக்கித் தமிழ்நாட்டிலும் 2025-ல் சட்டம் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் பெயரில் முகநூலில் ஒரு போலிக் கணக்கு முளைத்தது. இதில் நமக்கு ஒரு வசதி. உருமாற்றிய ஆபாசப் படத்தை நீக்கச் சொல்லி, பாதிக்கப்பட்டவருக்காக வேறு ஒருவரும் அந்த நிறுவனத்திடம் புகார் தரலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் அதற்கு முதலில் வைத்த கெடு 24 மணி நேரம்; 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். சம்மதமில்லாமல் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களைத் தடுக்க ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்று ஒரு தளமும் உண்டு. படம் பாதிக்கப்பட்டவரின் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு எண் குறி மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் அதை வைத்துப் பிடிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது தடுக்காது.

பணம்? அவர் இரண்டு தடவை கட்டினார். இரண்டாவது தடவைக்குப் பிறகு கேட்ட தொகை கூடியதே தவிர மிரட்டல் நிற்கவில்லை. ராத்திரி தூக்கம் போய், ‘இருந்து என்ன’ என்று பேச ஆரம்பித்தபோது 14416-க்கு, டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, அவரோடு உட்கார்ந்து நானே போட்டுக் கொடுத்தேன். தமிழில் பேசுகிறார்கள். கட்டணம் இல்லை.

அவருடைய போனில் இருநூறு எண்களுக்கு மேல் இருந்தன. படம் எத்தனை பேருக்குப் போனது என்று முழுசாக எண்ண முடியவில்லை. அந்தப் பத்து நாளில் தானாகக் கூப்பிட்டுப் பேசியவர்கள் நாலு பேர். முதல் ஆள் கேஸ் சிலிண்டர் போடுபவர். “அக்கா, ஏதோ கண்றாவி படம் வந்துச்சு, உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு கூப்பிட்டேன். நம்பர் வச்சிருக்கேன், போலீஸ்ல கேட்டா வந்து சொல்றேன். அப்புறம், இந்த மாசம் இன்னும் புக் பண்ணலையே?” என்றிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு எழுந்துபோய் சிலிண்டர் புக் செய்தாராம். அந்த வாரத்திலேயே, அன்றைக்குத்தான் வீட்டில் உலை வைத்தாராம்.