போர் இலக்கியம் வகுப்புல வேணுமா? வேணும்!

நடுவர் அவர்களே வணக்கம். எதிரணித் தலைவர் இப்பத்தான் கலிங்கத்துப்பரணிய எடுத்து விளாசிட்டுப் போனாரு, பேய்ங்க போர்க்களத்துல பிணத்தப் போட்டு கூழ் காய்ச்சிக் குடிக்குது, இதையெல்லாம் பசங்களுக்கு சொல்லிக்கொடுத்தா அவனுங்க சண்டைய ரசிக்கத்தான் கத்துக்குவானுங்கன்னு. நல்ல பாயிண்ட்தான், ஒத்துக்கிறேன். ஆனா சார், சும்மா வாசிச்சா ரசிச்சுட்டுப் போயிடுவான், பாடமா படிக்கும்போதுதானே இத யாரு பாடினா, யாருக்காகப் பாடினான்னு கேள்வி வரும்? செயங்கொண்டார் பாடினது ஜெயிச்ச குலோத்துங்க சோழனுக்கு. அதே போர கலிங்கத்துக்காரன் ஒருத்தன் பாடியிருந்தா அந்தக் கூழ் எப்படி இருந்திருக்கும்?

தோத்தவங்க பாட்டும் நம்மகிட்ட இருக்கே! புறநானூறு 112, பாரியோட பொண்ணுங்க பாடினது. போன மாச நிலவுல அப்பா இருந்தாரு, மலையும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாச நிலவுல ரெண்டும் இல்ல, அவ்ளோதான் பாட்டு, அஞ்சே வரி, ரத்தம்னு ஒரு பேச்சே கிடையாது, ஜெயிச்ச ராஜாக்கள் பேரக்கூட அதுங்க சொல்லல (சொல்லுவாங்களா பின்ன!). அப்புறம் 45ஆம் பாட்டு. சோழ வம்சத்துக்காரங்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் அடிச்சுக்கிறப்ப கோவூர்கிழார் நடுவுல போய் நிக்கிறாரு, எதிர்ல நிக்கிறவன் பனம்பூ போட்ட சேரனும் இல்ல, வேப்பம்பூ போட்ட பாண்டியனும் இல்ல, ரெண்டு பேர் தலைமாலையும் சோழரோட ஆத்திப்பூதான், யாரு தோத்தாலும் தோக்குறது உங்க குடிதான்யாங்கிறாரு. ராஜா மூஞ்சிக்கு நேரா! இதப் படிச்சா பையன் கெட்டுப்போவானா?

முதல் உலகப்போருக்கு வாங்க. இங்கிலாந்துல ஜெஸ்ஸி போப்னு ஒரு அம்மா, பசங்கள பட்டாளத்துல சேரச்சொல்லி உசுப்பேத்தி பாட்டு எழுதினாங்க. போர்முனைக்குப் போய் நிலைகுலைஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்த கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன், விஷவாயுல ஒரு சிப்பாய் மூச்சு முட்டி சாகுறத எழுதி, கையெழுத்துப் பிரதியில 'ஜெஸ்ஸி போப்புக்கு'ன்னே போட்டாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கணும் சார், ஒண்ண மட்டும் படிச்சாதான் ஆபத்து. அந்த ஓவன் 1918 நவம்பர் 4ல சண்டையிலயே செத்தாரு, வயசு 25, ஒரே வாரத்துல போர் முடிஞ்சுபோச்சு.

மனசு பாதிக்கும், வேண்டாம்னு இன்னொருத்தர் சொன்னாங்க. போர்ல அடிபட்ட ஜெர்மன்காரர் ரெமார்க், தன் நாட்டுச் சிப்பாய்ங்க பட்ட பாட்ட நாவலா எழுதினாரு, அத 1933ல நாஜிக்காரங்க தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க. போர் இலக்கியம் பசங்கள போருக்குத் தூண்டும்னா, அடுத்த போருக்கு ஆள் சேர்க்கப் போறவங்க அத ஏன் எரிக்கணும்? எதிரணில அடுத்து வர்றவங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மேல பேசட்டும்.