கதிர் பாய்ச்சின கறியும் பள்ளிக்கூட சாப்பாட்டுத் தட்டும்

வணக்கம்ங்க. கதிர்வீச்சு உணவு, அதாவது கிருமி சாகறதுக்காக கதிர் பாய்ச்சின உணவுன்னு சொன்னதுமே எல்லாரும் கேக்குறது, அதை சாப்பிட்டா பிள்ளைங்க உடம்புல கதிரியக்கம் ஏறிடுமான்னு தான். ஏறாதுங்க. கோபால்ட்-60ங்கிற கதிரியக்க உலோகத்துல இருந்து வர்ற காமா கதிர் கிருமியோட டிஎன்ஏவை உடைச்சுட்டு போயிடும், கறி கதிரியக்கப் பொருளா மாறாது. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா என் கவலை வேற.

அமெரிக்காவுல 1993ல சரியா வேகாத பர்கர் சாப்பிட்டு ஈ.கோலைங்கிற குடல் கிருமி தொத்தி 4 குழந்தைங்க செத்துப்போச்சு, 700 பேருக்கு மேல படுத்துட்டாங்க. அந்த பயம் நியாயமானது தான். 1997ல மாட்டுக்கறிக்கு கதிர் பாய்ச்ச அனுமதி குடுத்தாங்க, 2004ல இருந்து பள்ளிக்கூட மதிய உணவுக்கும் அந்தக் கொத்துக்கறியை வாங்கிக்கலாம்னு வழி விட்டாங்க, கட்டாயம் இல்ல, வேணும்னா வாங்கிக்கலாம்.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். அமெரிக்கக் கடையில அதே கறியை வாங்குனா பாக்கெட்டுல ராடுரான்னு ஒரு பச்சை முத்திரை இருக்கும், வட்டத்துக்குள்ள செடி மாதிரி, பக்கத்துலயே கதிர் பாய்ச்சினதுன்னு எழுதியிருக்கும். வேணும்னா எடுக்கலாம், வேணாம்னா வச்சிடலாம். பள்ளிக்கூடத்துக்கு வர்ற அட்டைப்பெட்டியிலயும் அது இருக்கும். ஆனா சமையக்கட்டுல பெட்டியைப் பிரிச்சு கறியை எடுத்துட்டு அட்டையை குப்பையில போட்டாச்சுன்னா முத்திரையும் அதோட போச்சு! தட்டுல வர்றப்ப சொல்லணும்னு சட்டம் இல்ல. ஓட்டல்லயும் இல்ல தான், ஆனா ஓட்டலுக்கு நாம விரும்பிப் போறோம், பிள்ளைங்க அப்படியா? அதுலயும் இலவச சாப்பாட்டை நம்பி வர்ற பிள்ளைக்கு வேற தட்டு ஏது. திரும்பவும் சொல்றேன், நான் தடை பண்ணச் சொல்லல, சொல்லிட்டு போடுங்கன்னு தான் கேக்குறேன்.

இன்னொன்னு, அந்த ஈ.கோலை கறிக்கு எங்கேருந்து வருது? மாட்டோட குடல்ல இருந்து, சாணி ஒட்டுன தோல்ல இருந்து. அறுக்குற இடத்துல அவசர அவசரமா தோலை உரிக்கிறப்ப கறியில படுது, அரைக்கிறப்ப மொத்தத்துலயும் கலந்துடுது. கதிர் பாய்ச்சினா கிருமி சாகும், சாணி எங்க போகும்? கடைசியில ஒரு மெஷின் இருக்குன்னு தெரிஞ்சா முன்னாடி சுத்தம் பாக்குறவன் கை தளர்ந்துடும்ங்கிறது என் சந்தேகம். அப்புறம் பரிமாறுறவங்க கை வழியா வர்ற, வாந்தி பேதி உண்டாக்குற நோரோவைரஸை, எப்பவோ பாய்ச்சின கதிர் ஒண்ணும் பண்ணாது, சோப்பு போட்டு கை கழுவுனா தான் உண்டு.

கதிர் பாய்ச்சினா கறியில தயமின்ங்கிற பி1 வைட்டமின் கொஞ்சம் குறையும், கொழுப்புல சில புது ரசாயனம் உண்டாகும், அதைப் பத்தி விரிவா சொல்லணும்னு தான் வந்தேன், அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாங்க, ஒரே நிமிஷம்ங்க, மெனு அட்டையில கதிர் பாய்ச்சின கறின்னு ஒரு வரி சேக்கச் சொல்லி ஸ்கூல்ல எழுதிக் குடுங்க, அதுக்கு பெருசா செலவு ஒண்ணும் ஆகாது. நன்றி, வணக்கம்.