ஏஸ் ஜோடியைத் தோற்கடித்தது யார்?

(காட்சி: ஏற்காடு, நாகலூர். ஓட்டு வீட்டின் திண்ணை. பின்னால் காப்பிச் செடிகள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள். பாயில் ஒரு சீட்டுக்கட்டு.)

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சித்தப்பா வீட்டுக்கு வந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் தம்பி கைபேசியை நீட்டினான். "அண்ணா, இந்தப் போக்கர் செயலியில் மோசடி இருக்கிறது. ஏஸ் ஜோடி வைத்துக்கொண்டு, இருந்த சில்லு முழுவதையும் வைத்து ஆல்-இன் போனேன். எதிராளிக்குக் கடைசிச் சீட்டில் ஃப்ளஷ், அதாவது ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு, விழுந்துவிட்டது. ஒரு முறை என்றால் விட்டுவிடுவேன். தொடர்ந்து மூன்று முறை!"

அவன் ஆடுவது இலவசச் சில்லுகளில். அதைத் தாண்டினால் சட்டம் குறுக்கே நிற்கும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை விளையாட்டு என்று கருதி மாநிலத் தடையிலிருந்து விடுவித்தது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடை செய்கிறது. ஆகவே இந்த வீடியோவில் சில்லு என்றால் வெறும் சில்லுதான்.

(காட்சி: பாயில் சீட்டுகள் விரிகின்றன.)

மோசடியா என்று கைச்சீட்டிலேயே பார்த்துவிடலாம். என்னிடம் இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஏஸ். தம்பியிடம் டைமண்ட் ராணி, டைமண்ட் ஏழு. நடுவில் இருவருக்கும் பொதுவாக டைமண்ட் இரண்டு, டைமண்ட் ஆறு, கிளாவர் ஒன்பது, இஸ்பேட் ராஜா. ஆளுக்கு 100 சில்லு உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் வர வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்தவை எட்டுச் சீட்டுகள். மீதி 44. அவற்றில் டைமண்ட் ஒன்பது. அந்த ஒன்பதில் எது விழுந்தாலும் ஃப்ளஷ், தம்பிக்கு வெற்றி, மற்ற 35 சீட்டுகளும் எனக்கு. 35-ஐ 44-ஆல் வகுத்தால் 79.5 சதவீதம். நடுவில் கிடக்கும் 200 சில்லில் என் நியாயமான பங்கு 159. ஆனால் எந்த ஆட்டத்திலும் 159 என் கைக்கு வராது. வந்தால் 200, போனால் சுழியம். இந்தத் துள்ளலைத்தான் ஆட்டக்காரர்கள் வேரியன்ஸ் என்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்ட விலக்கம் என்று படித்தோமே, அதன் உறவுக்காரர்தான்.

தம்பியின் மூன்று தோல்விக்கு வருவோம். ஒரு முறை தோற்க 20.5 சதவீத வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை தோற்க ஏறத்தாழ 117-இல் ஒன்று. அபூர்வம் போலத் தோன்றும். ஆனால் இதே நிலையில் 300 முறை ஆல்-இன் போகிறவனுக்கு அப்படியொரு தொடர் தோல்வி சராசரியாக இரண்டு முறை வரும். தம்பி நாளெல்லாம் ஆடுகிறவன். வராமல் இருந்திருந்தால்தான் நான் செயலியைச் சந்தேகித்திருப்பேன்.

(காட்சி: கடைசிச் சீட்டு இரண்டு முறை திருப்பப்படுகிறது.)

துள்ளலைக் குறைக்க ஒரு வழி உண்டு. இருவரும் சம்மதித்தால் சில தளங்களில் கடைசிச் சீட்டை இரண்டு முறை போடலாம். ஒவ்வொன்றுக்கும் பாதிப் பங்கு. முதலில் விழுந்த சீட்டு கட்டுக்குத் திரும்பாது. அதனால் நான் இரண்டிலும் தோற்க 9/44-ஐ 8/43-ஆல் பெருக்க வேண்டும்: 3.8 சதவீதம். இரண்டிலும் வெல்ல 62.9. ஆளுக்குப் பாதி எடுக்க 33.3.

வெறுங்கையோடு எழுந்திருக்கும் வாய்ப்பு 20.5-இலிருந்து 3.8-க்கு இறங்கிவிட்டது. இலவசமாகவா? இல்லை, முழுதாக அள்ளும் வாய்ப்பும் 79.5-இலிருந்து 62.9-ஆகச் சரிந்திருக்கிறது. சராசரியைக் கூட்டிப் பாருங்கள், அதே 159. "தோற்கிறவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறோம்" என்று இதை மறுப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். "பூக்க வைக்கும் மழை தவறினால் காப்பி கைவிடும் என்றுதானே மரத்துக்கு மரம் மிளகு ஏற்றியிருக்கிறேன்?" பாதி சரி. மிளகு தனி வருமானம் தருகிறது. சீட்டை இரண்டு முறை போட்டால் சராசரியில் ஒரு சில்லுகூட அதிகமாகாது.

உண்மையில் இதைவிடப் பெரிய காப்பு இருப்புதான். நூறு சில்லு ஆட்டத்துக்கு 200 மட்டும் வைத்திருப்பவன், ஏறத்தாழ 24-இல் ஒரு வாய்ப்பில் இரண்டே ஆட்டத்தில் காலி. 3,000 வைத்திருப்பவனுக்குத் தம்பியின் மூன்று தோல்வியும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குதான்.

இன்னொன்று, தம்பிக்கு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் நியாயமான பங்கு, மற்றதில் கைக்கு வந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி, ஆல்-இன்னுக்குப் பிறகு அதிர்ஷ்டம் செய்த வேலை. ஆல்-இன்னுக்கு முன்னால் அதிர்ஷ்டம் செய்ததை இந்த நோட்டு பிடிக்காது. நல்ல சீட்டு கைக்கு வருவதே அதிர்ஷ்டம்தானே. இருந்தாலும் எதிராளியைத் திட்டுவதற்கு முன் எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

(காட்சி: மாலை. பனி இறங்குகிறது. நோட்டில் கோடுகள்.)

சாயங்காலம் வரை அதே 44 சீட்டுகளை நூறு முறை கலைத்துப் போட்டோம். முதல் பத்தில் ஏஸ் ஜோடி வென்றது ஆறு முறை. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நூறு முடிந்தபோது 76. எதிர்பார்த்தது 79.5, திட்ட விலக்கம் நான்கு. எல்லைக்குள்தான் இருக்கிறது. தம்பி நோட்டை மூடிவிட்டுச் செயலியை மன்னித்துவிட்டான். சீட்டைக் கலைத்தது நான் என்பதால், இப்போது சந்தேகம் என்மேல்.